பொருளும் இழையும்

1986ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21ஆந் திகதி, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில், நோயாளர் ஒருவருக்குக் கதிர்ச் சிகிச்சை அளிப்பதற்காகத் தெராக்-25 என்னும் இயந்திரத்தின் திரை முன்னே அனுபவம் மிக்க ஊழியர் ஒருவர் அமர்ந்திருந்தார். இலத்திரன் கற்றையைக் குறிக்கும் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தைத் தட்டவேண்டிய இடத்திலே, கைப்பழக்கத்தால் எக்ஸ் கதிருக்குரிய ‘எக்ஸ்’ என்ற எழுத்தை அவர் தட்டிவிட்டார். தவறைக் கண்டதும் மேலே சென்று எழுத்தைத் திருத்தி, மீண்டும் கீழே வந்து, கற்றையைச் செலுத்துமாறு கட்டளையிட்டார். இவை யாவும் எட்டுச் செக்கனுக்குள் நடந்து முடிந்தன. திரையிலே எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் இயந்திரத்தின் காந்தங்களை ஒழுங்குபடுத்தும் பணி ஒன்று உள்ளே வேறாக நடந்துகொண்டிருந்தது. அது முடிய ஏறத்தாழ எட்டுச் செக்கன் வேண்டும். அதற்கிடையில் நேர்ந்த திருத்தத்தை அது காணவில்லை. எக்ஸ் கதிருக்கென வகுக்கப்பட்ட பெருவலுக் கற்றை, இடையிலே இருக்கவேண்டிய தகடு இல்லாத நிலையில் நேரே நோயாளியின் உடலிற் பாய்ந்தது. ஐந்து மாதங்களில் அவர் இறந்தார். முதல் விபத்து நிகழ்ந்து மூன்று வாரங்களில், அதே இயந்திரத்தில், அதே ஊழியரின் கையில், அது மீண்டும் நிகழ்ந்தது.

இயந்திரத்தை ஆக்கியோர் முதலிற் சோதித்துப் பார்த்தபோது பிழை தோன்றவில்லை. வைத்தியசாலையின் பௌதிகவியலாளரும் அவ்வூழியருமே பலமுறை தட்டிப் பார்த்து, விரைவாகத் தட்டினால் மட்டும் அது தோன்றுமென்பதைக் கண்டறிந்தனர். தயங்கித் தயங்கித் தட்டும் புதியவரிடம் இயந்திரம் ஒழுங்காக நடந்துகொண்டது; தொழிலிலே தேர்ந்தவரின் விரல்களுக்கே அது கொலைக் கருவியாயிற்று. இதற்கு முந்திய தெராக்-20 இயந்திரத்தின் செய்நிரலிலும் இதையொத்த பிழை இருந்தது. எனினும் அங்கு வன்பொருளாலான காப்புகள் இருந்தமையால், உருகி எரிந்து இயந்திரம் நின்றுவிடும், எவரும் இறக்கவில்லை. புதிய இயந்திரத்தில் அக்காப்புகளை நீக்கி, அவற்றின் வேலையையும் செய்நிரலிடமே ஒப்படைத்திருந்தனர். 1985 யூன் முதல் 1987 சனவரி வரை இவ்வகை இயந்திரங்களால் ஆறு விபத்துகள் நிகழ்ந்ததாக, நான்சி லெவிசன், கிளார்க் டேர்னர் ஆகிய இருவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது.

தெராக்-25இன் செய்நிரல் பொருள்முக முறையில் எழுதப்பட்டதன்று. அது பீ.டீ.பீ.-11 கணினியின் பொறிக்கு நெருங்கிய மொழியிலே தனியொருவர் எழுதியது. ஆயினும் அதிலே வெளிப்பட்ட நோய் இன்றைய செய்நிரலாளர் எவருக்கும் அந்நியமானதன்று. ஒரே நேரத்தில் நடைபெறும் இரு பணிகள், அவை இரண்டும் தொடுகின்ற ஒரே தரவு, யார் எப்போது தொடலாம் என்பது பற்றி எங்கும் எழுதப்படாத ஒப்பந்தம்: நோய் இவ்வளவே. தரவைத் தன்னுள் அடக்கி, தானே அதற்குக் காவல் நிற்பதாக உறுதியளித்துக்கொண்டு பொருள்முகச் செய்நிரலாக்கம் வந்தது. அக்காவல் எதுவரை செல்லும் என்பதே இங்கு நோக்கப்படுகின்றது.

இழை என்பது யாது? செய்நிரலொன்று நிறைவேறிச் செல்லும் தடத்தையே இழை என்பர். அடுத்து எந்தக் கட்டளை, எவ்வேலையின் நடுவில் எவ்வேலைக்குள் புகுந்துள்ளோம் என்னும் குறிப்புகளை ஒவ்வோர் இழையும் தனக்கெனத் தனியே வைத்திருக்கும். ஆனால் நினைவகத்திலுள்ள பொருள்கள் எல்லா இழைகளுக்கும் பொது. தனியறைகளில் வாழ்ந்து ஒரே அடுப்படியைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பங்களின் நிலையை ஒத்தது இது. பயனர் ஒருவர் பெரியதொரு கோப்பைத் திறக்குமாறு கேட்கும்போது, திரையைக் கவனிக்கும் இழையே அவ்வேலையையும் மேற்கொண்டால், வேலை முடியும்வரை திரை உறைந்து நிற்கும். உறைந்த திரையின்மீது சுட்டியை மேலும் மேலும் அழுத்தாதவர் எவருமிலர். ஆகவே நெடிய வேலையை வேறோர் இழையிடம் ஒப்படைத்துப் பின்னணியிலே நடக்கவிடுகின்றனர். தேவை நியாயமானது, தொல்லையும் அங்கேயே தொடங்குகின்றது.

பொருளும் இழையும் பிறப்பிலே உறவினர் என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். 1960களில், ஒஸ்லோவிலுள்ள நோர்வேக் கணிப்பு நிலையத்தில், ஓலே யொகான் டால், கிறிஸ்டன் நைகாட் ஆகிய இருவரும் சிமுலா என்னும் மொழியை ஆக்கினர். வரிசைகளும் காத்திருப்புகளும் நிறைந்த உலகியல் நிகழ்வுகளைக் கணினியிலே போலச்செய்து பார்ப்பதே அவர்களின் நோக்கம். அவ்வுலகில் வாடிக்கையாளரும் இயந்திரமும் தத்தம் போக்கில் இயங்குபவை. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வாழ்க்கை வரலாறு உடையது. சிமுலா 67இல் இவையே பொருள்கள் ஆயின. ஆனால் ஒரு கட்டுப்பாடு இருந்தது: எக்கணத்திலும் ஒரு பொருளே இயங்கும், அது தானாக விலகி வழிவிடும்போதே மற்றொன்று எழும். கூத்திலே ஒருவர் ஆடும்போது ஏனையோர் ஒதுங்கி நிற்பது போன்ற ஏற்பாடு. அதனால் ஒருவர் காலை ஒருவர் மிதிக்க இடமிருக்கவில்லை. பின்வந்த மொழிகள் பொருளை எடுத்துக்கொண்டன; இயக்கத்தைப் பணிசெயல் முறைமையிடமிருந்து இழையாகப் பெற்றுக்கொண்டன. அவ்விழைகள் தாமாக விலகி வழிவிடுபவை அல்ல. முறைமை நினைத்த கணத்தில் ஒன்றை நிறுத்தி மற்றொன்றை எழுப்பும். முறைவழியாக்கிகள் பல இருப்பின் உண்மையிலேயே ஒரே கணத்தில் பல இயங்கும். இப்பிரிவினால் விளைந்தவற்றைப் பற்றிப் பாடநூல்கள் போதிய அளவு பேசவில்லை என்றே கூறவேண்டும்.

வங்கிக் கணக்கொன்றைப் பொருளாகக் கொள்வோம். மீதி 5000 ரூபா. மீதியை வெளியார் எவரும் நேரே தொடமுடியாது; பணம் எடுக்கும் செயன்முறையின் வாயிலாகவே மாற்றலாம். அச்செயன்முறை மீதியைப் படிக்கும், போதுமாவெனப் பார்க்கும், கழிக்கும், எழுதும். முதல் இழை 3000 ரூபா எடுக்க வருகின்றது. 5000 என்று படித்து, மீதி 2000 எனக் கணக்கிட்டு, எழுதுமுன்னரே நிறுத்தப்படுகின்றது. இரண்டாம் இழை 1000 ரூபா எடுக்க வருகின்றது. அதுவும் 5000 என்றே படித்து 4000 என்று எழுதிவிட்டுப் போகின்றது. முதல் இழை விழித்தெழுந்து, தான் முன்னர் கணக்கிட்ட 2000ஐ எழுதுகின்றது. எடுத்த தொகை 4000, எஞ்சியிருக்கவேண்டியது 1000, கணக்கிலே இருப்பதோ 2000. இரண்டு இழைகளும் வாசல் வழியாகவே வந்தன; இரண்டும் விதிக்கு அடங்கியே நடந்தன. பொருளின் சுவர் எங்கும் உடைக்கப்படவில்லை. அச்சுவர் அந்நியரைத் தடுக்கும் வகையிலே கட்டப்பட்டது. ஒரே வேளையில் இரு விருந்தினர் உள்ளே இருப்பதைப் பற்றி அதனைக் கட்டியோர் எண்ணவில்லை.

இச்சிக்கலின் தூய வடிவத்தை ஒல்லாந்தரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965இலேயே ஆராய்ந்திருந்தார். ஒருவர் உள்ளே இருக்கையில் மற்றவர் காத்திருக்கவேண்டும் என்பதற்காக அவர் வகுத்த கருவிக்கு ரெயில் பாதையின் கைகாட்டியின் பெயரை இட்டார். அதே ஆண்டளவில், நாடாச் சாதனங்களுக்காகப் போட்டியிடும் கணினிகள் பற்றி மாணவருக்கு ஒரு பரீட்சை வினாவையும் அவர் அமைத்தார். பின்னர் ரொனி ஹோர் அதனை வட்டமேசையைச் சுற்றி அமர்ந்த ஐந்து தத்துவஞானிகளின் கதையாக்கினார். ஒவ்வொருவரும் இடப்பக்க முள்ளுக்கரண்டியை எடுத்துக்கொண்டு வலப்பக்கத்ததற்காகக் காத்திருந்தால், ஐவரும் பட்டினியால் மடிவர். இதனையே டெட்லொக் என்கின்றனர். பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியேறியும் உலகெங்கும் வாழ்ந்துகொண்டிருக்கும் வினாக்கள் மிகச் சில. இது அவற்றுள் ஒன்று.

சிமுலாவின் வகுப்பையும் டைக்ஸ்ட்ராவின் காவலையும் ஒன்றிணைக்கலாம் என்பதை 1973, 1974ஆம் ஆண்டுகளிலே டென்மார்க்கைச் சேர்ந்த பெர் பிரிஞ்ச் ஹான்சனும் ஹோரும் காட்டினர். மொனிட்டர் எனப்படும் அவ்வமைப்பிலே தரவும், அதைத் தொடும் செயன்முறைகளும், ஒருவருக்கு மேல் உட்புகாதவாறு தடுக்கும் பூட்டும் ஒன்றாகவே பிறக்கின்றன. பூட்டுவது எழுதுபவரின் நினைவாற்றலில் தங்கியிருக்கவில்லை; தொகுப்பியே அதனைப் பார்த்துக்கொள்ளும். பிரிஞ்ச் ஹான்சன் 1975இல் இதனை ஒரு மொழியாகவே செய்து காட்டினார்.

இருபதாண்டுகளின் பின் ஜாவா வந்தது. 1995இல் அறிவிக்கப்பட்ட இம்மொழியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பூட்டு உண்டு. ஆனால் ‘சின்க்ரனைஸ்ட்’ என்னும் சொல்லை எழுத்தாளர் சேர்த்தாற்றான் அது பூட்டப்படும். மறந்தாற் கதவு திறந்தே கிடக்கும், தொகுப்பியும் வாய் திறவாது. பூட்டை எல்லாருக்கும் கொடுத்துப் பூட்டுவதை அவரவர் விருப்பத்துக்கு விட்ட இத்தீர்மானத்தை 1999இல் பிரிஞ்ச் ஹான்சன் மிகக் கடுமையாகக் கண்டித்தார். கால் நூற்றாண்டுக்கால ஆய்வினை அம்மொழி புறக்கணித்துவிட்டது என்பது அவருடைய குற்றச்சாட்டு. வேகத்தை விரும்பியோர் இதற்குச் சமாதானம் கூறுவர். எனினும் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. கோடிக்கணக்கான வரிகள் அம்மொழியிலே எழுதப்பட்ட பின்னர் எழுத்தாளரின் நினைவாற்றலைக் காவலாளியாக நியமிப்பது பாதுகாப்பாகாது.

பூட்டுவதற்கு மறவாதவரும் தப்பிவிடுவதில்லை. பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து எட்வேட் லீ 2006இல் எழுதிய கட்டுரையொன்றில் தம் குழுவினரின் அனுபவத்தை மறைக்காமற் கூறியுள்ளார். தொலெமி என்னும் அவர்களின் திட்டத்திலே 2000ஆம் ஆண்டளவில் ஜாவா மொழியில் ஒரு கரு எழுதப்பட்டது. வடிவமைப்பைப் பலர் கூடி ஆராய்ந்தனர். எழுதிய வரிகளையும் ஆராய்ந்தனர். ஒவ்வொரு வரியும் நிறைவேறுமாறு சோதனைகள் அமைத்தனர். இரு முறைவழியாக்கிகள் கொண்ட கணினியிலே இரவுதோறும் அவற்றை ஓடவிட்டனர். பலர் அதனைப் பயன்படுத்தத் தொடங்கினர். குறை எதுவும் தோன்றவில்லை. 2004 ஏப்ரல் 26ஆந் திகதி, நான்காண்டுகள் கழிந்த நிலையில், செய்நிரல் டெட்லொக் நிலையிற் சிக்கி நின்றது. இவ்வளவு கவனத்தோடு செய்யப்பட்ட ஒன்றிலே பிழை நான்காண்டுகள் உறங்கிக் கிடக்குமாயின், அவசரத்திலே எழுதப்படும் ஏனையவற்றில் எத்தனை உறங்குகின்றனவோ!

பூட்டிய பின்னும் டெட்லொக் எவ்வாறு நேர்கின்றது என்பதற்கும் அக்கட்டுரை எளியதோர் உதாரணம் தருகின்றது. தன் பெறுமதி மாறும்போது அறிவிக்குமாறு கேட்டவர்களின் பட்டியலை ஒரு பொருள் வைத்திருக்கின்றது. பெறுமதி மாறியதும் அது தன்னைப் பூட்டிக்கொண்டு ஒவ்வொருவரையும் அழைக்கின்றது. அழைக்கப்பட்டவர் யார், என்ன செய்வார் என்பதை அப்பொருள் அறியாது. அவர் வேறொரு பூட்டுக்காகக் காத்திருக்கலாம். அப்பூட்டை வைத்திருக்கும் இழை இப்பொருளின் பூட்டுக்காகக் காத்திருக்கலாம். தன் வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையிலே வைத்துக்கொண்டு, முன்பின் அறியாதவரின் வீட்டுக் கதவைத் தட்டுவது போன்றது இது. செய்தி அனுப்பிப் பழகுவதே பொருள்களின் சிறப்பு என்று போதிக்கின்றோம். அச்சிறப்பே இங்கு வினையாகின்றது. பூட்டை விட்டபின் அழைப்பதே தக்கது என்பர் தேர்ந்தோர். அவ்வாறு செய்தால் இரு இழைகளின் மாற்றங்கள் முன்பின்னாக அறிவிக்கப்படலாம் என்ற வேறொரு தொல்லை தலைகாட்டுகின்றது. தொல்லை நீங்குவதில்லை, இடம் மாறுகின்றது.

காத்திருப்பின் மற்றொரு வேடிக்கையையும் சொல்லிச் செல்லலாம். 1997 யூலை 4ஆந் திகதி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி, சில நாள்களில் தன்னைத் தானே மீளத் தொடக்கிக்கொள்ளலாயிற்று. வானிலைத் தரவைச் சேர்க்கும் தாழ்ந்த முன்னுரிமைப் பணியொன்று பூட்டை வைத்திருந்தது. மிக உயர்ந்த முன்னுரிமைப் பணி அதற்காகக் காத்திருந்தது. இடைத்தரப் பணிகளோ தாழ்ந்ததைத் தள்ளிவைத்துத் தாம் ஓடின. அதனால் உயர்ந்தது தாழ்ந்ததற்குத் தாழ்ந்ததாயிற்று. பூட்டை வைத்திருப்பவர், காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகப் பெறவேண்டும் என்ற தீர்வை லுயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜோன் லெஹோஸ்கி ஆகியோர் 1990இலேயே வெளியிட்டிருந்தனர். இவர்களுள் ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரி என்பது தமிழ் மாணவர் அறியத்தக்கது. விண்கலத்தின் பணிசெயல் முறைமையிலே அவ்வசதி ஏற்கெனவே இருந்தது, அணைக்கப்பட்டிருந்தது. பூமியிலிருந்தபடியே அதனை இயக்கி விட்டனர்.

இனி, பின்னணிப் பணியொன்றை நிறுத்துவது எப்படி என்ற வினாவுக்கு வரலாம். தொடங்குவது எவருக்கும் எளிது. ஒரு வரி போதும். கோப்பைத் திறக்குமாறு கேட்டவர் மனம் மாறிச் சாளரத்தை மூடிவிட்டார் என்க. பின்னணியில் ஓடும் இழை என்னாவது? ஜாவாவின் முதற் பதிப்பில் இதற்கு ‘ஸ்டொப்’ என்ற கட்டளை இருந்தது. எந்த இழையும் வேறோர் இழையை அது எந்த வரியில் நின்றாலும் அங்கேயே கொல்லலாம். கொல்லப்பட்ட இழை தான் வைத்திருந்த பூட்டுகள் யாவற்றையும் விட்டுவிடும். ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குப் பணம் மாற்றிக்கொண்டிருந்த இழையை எண்ணிப் பார்க்க. முதற் கணக்கிற் கழித்தாயிற்று. இரண்டாவதில் இன்னும் சேர்க்கவில்லை. அக்கணத்தில் அது கொல்லப்பட்டாற் பூட்டுத் திறக்கும். அரைகுறையான கணக்கு எல்லாருடைய பார்வைக்கும் வரும். பூட்டை விடாமற் கொல்லலாமே எனின், காத்திருப்போர் எந்நாளும் காத்திருப்பர். ‘சஸ்பென்ட்’ என்ற மற்றொரு கட்டளை இழையை உறங்க வைத்தது. பூட்டோடு உறங்கிய இழை பிறரையும் முடக்கியது. விட்டாலும் தீங்கு, விடாவிட்டாலும் தீங்கு. 1998 டிசெம்பரில் வெளிவந்த பதிப்பிலே இரண்டும் கைவிடத்தக்கன என அறிவிக்கப்பட்டன. எனினும் பழைய செய்நிரல்கள் அவற்றை நம்பியிருந்தமையால், அவற்றின் ஆற்றல் முற்றாகப் பறிக்கப்பட 2023 மார்ச்சில் வெளிவந்த 20ஆம் பதிப்பு வரை செல்லவேண்டியிருந்தது.

இப்போது இருப்பது வேண்டுகோள் மட்டுமே. ‘இன்டரப்ட்’ என்னும் கட்டளை, நிறுத்துமாறு கேட்கப்பட்டது என்ற குறியொன்றை இழையின்மீது இடும். உறங்கிக்கொண்டோ காத்துக்கொண்டோ இருந்தால் அதனை எழுப்பிச் செய்தி சொல்லும். நிற்பதா, எங்கே நிற்பது, நிற்குமுன் எதனைச் சீர்செய்வது என்பதையெல்லாம் அவ்விழையே தீர்மானிக்கும். அரைகுறையாக நிற்கும் கணக்கைப் பற்றி அறிந்தது அது ஒன்றே அல்லவா? ஆனால் எழுப்பிச் சொன்ன செய்தியைப் பிடித்து, எதுவும் செய்யாமல் விழுங்கிவிடும் வரிகளை மாணவரின் பயிற்சிகளிலும் தொழில்முறைச் செய்நிரல்களிலும் எங்கும் காணலாம். கேட்டவர் கேட்டதாக நினைத்திருப்பார். கேட்கப்பட்டதோ கேளாததுபோல ஓடிக்கொண்டிருக்கும்.

நிறுத்தற்குறியைத் தாமே ஒரு மாறியாக வைத்துக்கொள்வோரும் உளர். அங்கும் பொறியுண்டு. ஒரு முறைவழியாக்கியில் எழுதப்பட்டது மற்றதிலுள்ள இழையின் கண்ணுக்கு உடனே தெரியவேண்டுமென்ற நியதி இல்லை. மாறியை ஒருமுறை படித்தாற் போதுமென்று தொகுப்பியும் தானாகவே முடிவு செய்யலாம். ஆகவே ‘நில்’ என்று எழுதிய பின்னும் இழை நில்லாது சுழன்றுகொண்டேயிருக்கும். எழுதியது எப்போது தெரியவேண்டும் என்னும் விதிகள் ஜாவாவிலே 2004இல் வந்த 5ஆம் பதிப்பிலேதான் திருத்தமாக வகுக்கப்பட்டன. மாறியை ‘வொலட்டைல்’ என்று அறிவித்தால் அவ்விதி அதனைக் காக்கும். தெராக்-25இன் காந்தப் பணி காணத் தவறிய திருத்தத்தை இவ்விடத்தில் நினையாதிருத்தல் அரிது.

மொழிகளை ஆக்குவோர் இழையை எழுத்தாளரின் கையிலிருந்து சிறிது சிறிதாக விலக்கி வந்துள்ளனர். திரையிலுள்ள பொருள்களைத் திரைக்குரிய இழையன்றி வேறெதுவும் தொடலாகாது என்ற விதி முதலில் வந்தது. 2005இல் மைக்ரோசொப்டின் டொட்நெற் இரண்டாம் பதிப்பில் வந்த ‘பாக்கிரவுண்ட் வேர்க்கர்’ என்னும் பொருள், பின்னணியில் வேலை செய்து, முன்னேற்றத்தையும் முடிவையும் திரையின் இழையிடம் ஒப்படைத்தது. 2012இல் சீ ஷார்ப் மொழி, காத்திருக்கும் இடத்தில் வழிவிட்டு விலகி, பின் அங்கேயே தொடரும் செயன்முறைகளை ஏற்றுக்கொண்டது. தானாக விலகி வழிவிடும் சிமுலாவின் பொருள் நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின் வேறு உடையில் வந்ததென்றே இதனைக் கொள்ளலாம். 2023 செப்ரெம்பரில் வந்த ஜாவாவின் 21ஆம் பதிப்பிலே, இலட்சக்கணக்கில் உண்டாக்கத்தக்க மெல்லிய இழைகள் வந்தன. இழைக்குச் செலவு குறைந்துவிட்டது. 5000 ரூபாக் கணக்கின் சிக்கலோ குறையவில்லை.

அதே பதிப்பிலே முன்னோட்டமாக மற்றொன்றும் சேர்க்கப்பட்டது. 2017இல் நதானியேல் ஸ்மித் என்பவர் பைதன் மொழிக்கெனச் செய்த டிரையோ என்னும் நூலகத்திலும் அதன் சாயலைக் காணலாம். ஒரு செயன்முறை தொடக்கிய பின்னணிப் பணிகள் யாவும் அச்செயன்முறையின் எல்லைக்குள்ளேயே முடியவேண்டும். ஒன்று தவறினால் ஏனையவற்றுக்கும் நிறுத்த வேண்டுகோள் செல்லும். எல்லாம் திரும்பி வரும்வரை தொடக்கியது வெளியேற முடியாது. எவருக்கும் உரியதல்லாத பின்னணிப் பணி அங்கே பிறக்க இடமில்லை. சாளரத்தை மூடிய பயனர் இதனை அறியமாட்டார். அவர் காண்பது சாளரம் மூட எடுத்துக்கொண்ட ஒரு கணத் தாமதத்தை மட்டுமே.